பதினேழாம் தூண், வடக்கு முகம்

காலை முழுக்கக் குன்றின் நிழல்.
அந்த நிழலில் அது வெறும் கல்,
சுண்ணாம்பு உரிந்த வெண்தேமல்.
நாலரைக்கு மேல் வெயில் சாய்ந்து
தூணை உரசிக்கொண்டு போகும்போதுதான்
முதலில் ஒரு முழங்கால் எழும்,
பிறகு அதன்மேல் படிந்த விரல்கள்.

காவேரிப்பட்டணத்துக்கு மேற்கே
மாந்தோப்புகளுக்குள் கூரை போன மண்டபம்.
பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு
கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள்
அரைமணிக்கொன்று புழுதி கிளப்பும்.
அடங்கும்வரை லென்ஸை மூடிவைத்திருப்பேன்.
தூணுக்கு நூற்றெண்பது ரூபாய்,
படம் எடுத்து, அளந்து, படிவம் நிரப்ப.

படிவத்தில் ஒரு கட்டம்: பொருள்.
பதினாறுவரை தொல்லையில்லை.
யாளி. அன்னம். குடம் சுமக்கும் குள்ளன்.
பதினேழில் பேனா நின்றது.
பொருள் என்ற கட்டத்துக்குள்
இன்பத்தை எப்படி எழுதுவது?

எனக்கு முன்பு, எழுபத்து மூன்றில்,
ஒருவர் வந்துபோயிருக்கிறார்.
அவர் கோப்பில் இதே தூண்,
இரண்டு முகங்கள் மட்டும்.
கழுத்துக்குக் கீழே கத்தரித்துவிட்டு
'இருவர், உரையாடும் நிலை' என்று
முத்துமுத்தான கையெழுத்து.
ஓரத்தில் பென்சிலால், தனக்கு மட்டும்,
அழித்தும் அழியாமல்: ஆபாசம்.

அந்தப் படத்தை விடுதியின் குழல்விளக்கில்
ராத்திரி வெகுநேரம் பார்த்தேன்.
அவள் கீழுதடு சற்றே உள்மடிந்திருக்கிறது,
பல்லுக்கு அடியில்.
அவன் இமை பாதி இறங்கியிருக்கிறது.
முழுத்தூணின் முன் மூன்று மாலை நின்றும்
நான் காணாதது.
பாவம் அந்த மனிதர்,
மறைக்கத்தான் வெட்டினார்.

தெர்மாகோல் அட்டையைப் பிடிக்க
தோப்புக் காவலிலிருந்து ருத்திரம்மா வந்தாள்.
திருப்பச் சொன்ன பக்கமெல்லாம்
வெளிச்சத்தைத் திருப்பிவிட்டு
அட்டையைக் கீழே வைத்தாள், கிட்டப் போனாள்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்,
இல்லையென்றால் முந்தானையால் வாயை மூடுவாள்.
"குதிகாலப் பாரு கண்ணு.
அவன் ஒண்ணும் தூக்கல.
அவளாத்தான் எக்குறா."

பார்த்தேன்.
இடது குதிகால், தரையைவிட்டு ஒரு விரற்கடை.
அந்த இடுக்குக்குள் உளியை நுழைக்க
எவனோ குப்புறப் படுத்திருக்க வேண்டும்,
கன்னம் கல்தரையில் பட,
எத்தனை நாளோ.
மார்பும் இடுப்பும் மினுங்குகின்றன,
போகிற வருகிற கைகள் தேய்த்துத் தேய்த்து.
குதிகால் மட்டும் இன்னும் சொரசொரப்பு.
அதை ஒருவரும் தொடவில்லை.

ஓசூரில் இருந்தபோது ஒருத்தன்
என்னைப் படமெடுக்கக் கேட்டான்,
போர்வையோடு, பிறகு போர்வையில்லாமல்.
கேமராவை வாங்கி அவன் பிடரியை எடுத்தேன்.
முடிவெட்டிய மறுநாள்,
இரண்டு நரம்புக்கு நடுவே அந்தப் பள்ளம்,
சோப்பு சரியாகக் கழுவாத ஒரு வெள்ளைக் கோடு.
"இதுல என்ன இருக்கு?" என்றான்.
உண்மையாகவே கேட்டான்.
நாலு ஃபோன் மாறிவிட்டது,
ஒவ்வொரு முறையும் முதலில் அதைத்தான் மாற்றினேன்.

சிற்றின்பக் காட்சி என்று எழுதலாம்,
பட்டியல்களில் அப்படித்தான் வழக்கம்.
சிறியது என்று யார் அளந்தார்கள்,
எந்த நாடாவால்?
என் நாடாவில் உயரம் நாற்பத்தொன்று,
அகலம் இருபத்திரண்டு,
குதிகாலுக்கும் தரைக்கும் ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், பேனாவால்.

பொருள்: எக்கி நிற்கும் பெண். உடன் ஒருவன்.

வெயில் போக ஏழெட்டு நிமிடம் இருந்தது.
கடைசிப் படம் குதிகால் மட்டும்,
சட்டத்துக்குள் வேறெதுவும் வராமல்.
நானும் கத்தரிக்கத்தான் செய்கிறேன்.
ருத்திரம்மா அட்டையை உயர்த்திப் பிடித்திருந்தாள்,
கை எட்டாமல்
அவளும் முன்காலில் நின்றபடி.
"எடுத்துட்டியா?" என்றாள்.
தூரத்தில் லாரிச் சத்தம்.
"இன்னும் ஒண்ணு" என்றேன்.